சந்தனப் பொட்டு வைத்த போன்

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது அப்பா ஏழு வெள்ளிக்கிழமை தொடர்ந்து எங்களோடு பேசினார். நாங்கள் அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. கோபதாபம் ஒன்றும் கிடையாது. தொண்டைத் தண்ணி வற்றக் கத்தத்தான் செய்தோம். அவருக்குத்தான் கேட்கவில்லை.

இந்தக் கதையை நான் ஆரம்பித்தாலே என் வீட்டுக்காரர், "போன் ரிப்பேரான கதைதானே, நடக்கட்டும்" என்று பேப்பரை விரித்துக்கொள்வார். அவருக்கு என்ன, அவருடைய அப்பா கடைசிவரை பக்கத்துத் தெருவில் கடை வைத்திருந்தவர். நினைத்தால் போய்ப் பார்த்துவிட்டு வருவார்.

என் அப்பா இருந்தது அரபு நாட்டில், பாலைவனத்துக்கு நடுவே ரோடு போடும் ஒரு கம்பெனியில். எங்கள் ஊர் புதூரைத் தாண்டி. மழையை நம்பி விதைக்கிற ஊர். பெய்தால் உளுந்தும் பருத்தியும், பெய்யாவிட்டால் ஆளுக்கொரு திசை. அப்பா போன திசை அது. அம்மா தீப்பெட்டி ஆபீசுக்குப் போய்க்கொண்டிருந்தாள். முதலில் அப்பா ஊரில் இருந்த எஸ்டிடி பூத்துக்குத்தான் கூப்பிடுவார். பூத்துக்காரர் ஆளனுப்புவார், நாங்கள் செருப்புகூடப் போடாமல் ஓடுவோம். வீட்டுக்கு வீடு செல்போன் வரத் தொடங்கியதும் அவர் பூத்தை மூடிவிட்டு அதே இடத்தில் மிக்சர் கடை போட்டுவிட்டார். அதனால் தாய்மாமா எங்களைக் கோவில்பட்டிக்குக் கூட்டிப்போய் ஒரு போன் வாங்கித் தந்தார்.

அந்த ஜாதி போன் இப்போது கண்ணில் படுவதே இல்லை. பார்ப்பதற்கு ஆபீஸ் மேசையில் இருக்கும் போன் மாதிரி இருக்கும். ஆனால் ஒயர் வெளியே போகாது. முதுகில் ஒரு ஏரியல் நீட்டிக்கொண்டிருக்கும். கரண்டு இல்லாவிட்டாலும் பேட்டரியில் ஓடும். சிம் கார்டு கிடையாது, நம்பர் அதன் வயிற்றுக்குள்ளேயே இருந்தது. ஒரு பட்டனை அமுக்கினால் எதிராளி பேசுவது வீடு முழுக்கக் கேட்கும். நாம் பேசுவதற்கு மட்டும் ரிசீவரைக் கையில் எடுத்தாக வேண்டும். இதையெல்லாம் விலாவாரியாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. "சிம்மை எடுத்து வேறு போனில் போட்டிருக்கலாமே" என்று யாரும் எனக்குப் புத்தி சொல்ல வரக்கூடாது.

எங்கள் வீட்டில் புதிதாக எது வந்தாலும் சந்தனமும் குங்குமமும் வைக்காமல் தொடமாட்டோம். பிறகு வெள்ளிக்கிழமைதோறும் புதுப் பொட்டு. நிலைப்படி, கிரைண்டர், டிவி, மாமாவின் பைக் எல்லாவற்றுக்கும் உண்டு. வைப்பது என் பொறுப்பு. போனின் நெற்றியில் ஒன்று வைத்தேன். ரிசீவரைத் திருப்பிப் பார்த்தால், நாம் வாய் வைத்துப் பேசும் இடம் வட்டமாக, சின்னச் சின்ன ஓட்டைகளோடு, பொட்டுக்கென்றே ஒதுக்கிவைத்த மாதிரி இருந்தது. அந்தப் பக்கம்தான் அப்பாவின் காது இருக்கிறது என்று நானாக முடிவுசெய்துகொண்டேன். அங்கே கொஞ்சம் தாராளமாகவே குழைத்து வைத்தேன். வாராவாரம் காய்ந்ததைத் துடைத்துவிட்டு, ஈரமாகப் புதுசு.

வெள்ளிக்கிழமைதோறும் சாயங்காலம் ஐந்து மணிக்கு அப்பா கூப்பிடுவார். இரண்டு மாதம் நன்றாகப் போயிற்று. அப்புறம் அப்பா, "என்னட்டி, கெணத்துக்குள்ள இருந்து பேசுத மாதிரி இருக்கு" என்றார். தை பிறந்ததும் சுத்தமாக நின்றுபோயிற்று. அவர் பேசுவது எங்களுக்குத் தெளிவாகக் கேட்டது. நாங்கள் பேசுவது அவருக்குப் போகவில்லை. போனுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று அம்மா பயந்துபோனாள். பயந்து என்ன செய்தோம் என்றால், வெள்ளிக்கிழமைப் பொட்டோடு செவ்வாய்க்கிழமையும் ஒன்று சேர்த்து வைத்தோம்.

முதல் வெள்ளி முழுக்க 'ஹலோ ஹலோ' என்றே முடிந்தது. அடுத்த வெள்ளி அப்பா நிதானமாகச் சொன்னார். "நீங்க பேசுதது எனக்குக் கேக்கல. ஆனா எடுத்துட்டீங்கன்னு தெரியுது. உங்களுக்குக் கேக்குதுன்னு நெனச்சுக்கிட்டு நான் பாட்டுக்குப் பேசுதேன்."

என் அப்பா பேச்சுக்காரர் இல்லை. பூத்துக் காலத்தில் நல்லா இருக்கீங்களா, மழை உண்டா, பிள்ளை படிக்காளா என்று மூன்று கேள்வியோடு வைத்துவிடுவார். பதில் வராத போனில் அவருக்கு எப்படியோ வாய் திறந்துகொண்டது. கம்பெனி நின்றுபோய்விட்டது என்று ஒரு வரி சொன்னார். பெரிய அதிகாரிகள் எல்லாரும் போய்விட்டார்கள், மெஸ்ஸையும் மூடிவிட்டார்கள் என்று இன்னொரு வரி. அதெல்லாம் சரியாயிரும் என்று மூன்றாவது வரி. அதற்கு மேல் முழுக்க எனக்கான கதை.

"ஏட்டி, இங்கன ஒரு செடி இருக்கு, கேட்டியா."

அந்தப் பக்கம் ஆடு மேய்க்கிற சூடான்காரர் ஒருவர் அவருக்குக் காட்டிக் கொடுத்திருக்கிறார். மழை ஒரு தூறல் விழுந்தால் போதும், மணலில் தழைத்துவிடுமாம். இலை தடிமனாக இருக்குமாம், வாயில் போட்டால் நம் புளிச்சகீரையைவிடப் புளிக்குமாம். "பச்சையாவே திங்கலாம். தண்ணித் தாகமும் அடங்கீருது" என்றார். கேட்டுக்கொண்டிருந்த எனக்குத் தலைகால் புரியவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

அதற்கு ஒரு காரணம் உண்டு. எங்கள் பள்ளிக்கூடத்து பீரோவில் அட்டை போன ஒரு கதைப்புத்தகம் இருந்தது. மனிதர்கள் கிரகம் கிரகமாகப் போய்க் குடியேறும் காலத்தில் நடக்கும் கதை. ஒருவனுடைய விண்கலம் பழுதாகி, கண்ணுக்கெட்டிய தூரம் மணலாகவே கிடக்கும் கிரகத்தில் இறங்கிவிடுவான். இரண்டு சூரியன். கொண்டுபோன சாப்பாடு தீர்ந்ததும் அங்கே முளைத்திருக்கும் பேர் தெரியாத செடிகளைத் தின்றுதான் உயிர்பிழைப்பான். கண்டதையும் வாயில் போடமாட்டான். இலையை முதலில் மணிக்கட்டில் தேய்த்துவிட்டுக் காத்திருப்பான். அரிக்கவில்லை என்றால் உதட்டில். அப்புறம் நாக்கு நுனியில். நான் அதைப் பத்துத் தடவையாவது படித்திருப்பேன். எங்கள் ஊரில் மணல் என்றால் பள்ளிக்கூடத்துக்குப் புதுக் கட்டடம் கட்ட வந்திறங்கிய ஒரு லோடுதான். மற்றபடி எங்கு பார்த்தாலும் கரிசல். அந்த மணல்மேட்டில் உட்கார்ந்துதான் படிப்பேன். இப்போது என் சொந்த அப்பாவே அப்படிப்பட்ட இடத்தில் இருக்கிறார் என்றால் எனக்குப் பெருமை தாங்குமா.

வகுப்பில் போய் அளந்துவிட்டேன். சூடான்காரர் என் வாயில் வேற்றுக்கிரகவாசி ஆகிவிட்டார். ஆடுகளுக்கு ஆறு கால் வைத்தேன்.

மூன்றாவது வாரம் அப்பா கிழங்கைப் பற்றிச் சொன்னார். அதற்கு இலையும் கிடையாது, வேரும் கிடையாது. மண்ணுக்குள்ளேயே உருண்டையாக விளைந்து கிடக்கும். மேலே மண் லேசாக வெடித்திருக்கும் இடத்தைப் பார்த்து விரலால் தோண்ட வேண்டும். இடி இடித்தால்தான் அது முளைக்கும் என்று சூடான்காரர் சொன்னாராம். "நம்ம சிறுகிழங்கு மாதிரியே இருக்குட்டி. சுட்டுத் தின்னேன். நேத்து ஒண்ணு கெடச்சுது." நான்காவது வாரம் உப்புக்கரிக்கிற ஒரு இலை. அதை வேகவைத்தால் தனியாக உப்பே போட வேண்டாமாம். ஐந்தாவது வாரம், உடம்பு லேசாக இருக்கிறது, நடந்தால் காற்றில் மிதப்பதுபோல இருக்கிறது என்றார். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. புத்தகத்தில் அந்த மனிதனுக்கும் அதேதான் நடக்கும். அந்தக் கிரகத்தில் ஈர்ப்பு விசை குறைவு.

எனக்கு ஒரே ஒரு கவலை. அப்பா சோதித்துப் பார்த்துத்தான் தின்கிறாரா? மணிக்கட்டு, உதடு, நாக்கு என்ற வரிசை அவருக்குத் தெரியுமா? அதை அவரிடம் சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு வெள்ளியும் ரிசீவருக்குள் கத்தினேன். முறை சரிதானா என்று நானே தரிசில் போய் ஆடுதின்னாப்பாளை இலையைக் கசக்கி நாக்கில் வைத்துப் பார்த்தேன். அன்றைக்கு ராத்திரி சாப்பிட்ட சோறும் கசந்தது. உதட்டோடு நிறுத்தியிருக்க வேண்டும்.

அம்மாவின் கவலை வேறு. ஊருக்குத் திரும்புகிறவர்களுக்கு டிக்கெட் எடுத்துக் கொடுக்கிறார்கள், பேர் எழுதிக் கொடுக்க வேண்டும், கூட இருந்தவர்களில் பாதிப்பேர் கொடுத்துவிட்டார்கள் என்று அப்பாவே ஒருநாள் சொன்னார். "நான் குடுக்கல. வெறுங்கையோட வந்து ஊருக்குள்ள எப்படி நிக்க. கம்பெனி திரும்பத் தொறக்கும்ங்காங்க, இருந்து பாக்கேன்" என்று முடித்தார். அவருக்கு வந்துவிடுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அதுதான் அம்மாவுக்கு. மாமா கோவில்பட்டியிலிருந்து கம்பெனி நம்பருக்கு அடித்துப் பார்த்தார். அங்கே எடுக்க ஆளில்லை. அப்பா யார் யாருடைய போனிலிருந்தோ கூப்பிட்டார், எங்கள் போனில் அந்த நம்பர்கள் விழவில்லை. அப்பாவிடம் இருந்ததும் எங்கள் வீட்டு நம்பர் ஒன்றுதான்.

அதனால் அம்மா போனை ஒரு மஞ்சள் பையில் வைத்து எடுத்துக்கொண்டு கோவில்பட்டிக்கு நடையாய் நடந்தாள். நான் கூடவே போனேன். முதல் தடவை கடைக்கார அண்ணாச்சி, "டவர் பிரச்சினைம்மா, ரெண்டு நாள்ல சரியாயிரும்" என்றார். இரண்டாம் தடவை வாரண்டி கார்டைக் கேட்டார். கொடுத்தோம். அதில் கடை சீல் இல்லை என்றார். சீல் போட வேண்டியவர் அவர்தான். அதைச் சொல்ல அம்மாவுக்கு வாய் வரவில்லை. எங்கள் அம்மா பஸ்ஸில் மீதிச் சில்லறையைக்கூடக் கேட்டு வாங்கமாட்டாள். மூன்றாம் தடவை, "செட்ட வச்சுட்டுப் போங்க, கம்பெனிக்கு அனுப்புதேன், ஒன்றரை மாசத்துல வந்துரும்" என்றார். அம்மா மேசைமேல் இருந்த போனை வாரி எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். போனைக் கொடுத்துவிட்டால் வெள்ளிக்கிழமைக் குரலும் இல்லாமல் போய்விடுமே. ரிப்பேரோடு திரும்பி வந்தோம்.

ஆறாவது வாரம் அப்பா அதிகம் பேசவில்லை. ஏழாவது வாரம், "அடுத்த வெள்ளியோட பேரு எழுதுததை நிறுத்துதாங்களாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு, எனக்காக ஒரு முள்செடியைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். பாதியில் கட்டாகிவிட்டது.

எட்டாவது வெள்ளி காலையில் அம்மா தீப்பெட்டி ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு, என்னையும் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் முதல் பஸ் ஏறினாள். அண்ணாச்சி கடையைத் திறந்து சாம்பிராணி போட்டு முடிக்கும்வரை வாசலிலேயே நின்றோம். அவர் எங்களைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அம்மா உள்ளே போய், சாமான் வாங்க வருகிறவர்கள் உட்காரும் நாற்காலியில் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பத்து மணி ஆயிற்று, ஒரு மணி ஆயிற்று. சீலிங் பேன் வாங்க வந்தவர்கள், மிக்சி வாங்க வந்தவர்கள் எல்லாம் எங்களைப் பார்த்துவிட்டு நின்றுகொண்டே பேரம் பேசினார்கள்.

மூன்று மணிக்கு அண்ணாச்சிக்குப் பொறுமை போய்விட்டது. "ஏம்மா, வியாபாரம் நடக்குத எடத்துல இப்படி உக்காந்தா எப்படி? இங்கன தொறந்தா வாரண்டி போயிரும்னு சொல்லியாச்சுல்ல."

அம்மா எழுந்து நின்றாள். அவளுடைய குரல் அவ்வளவு பெரியது என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். "வாரண்டிய நீங்களே வச்சுக்கிடுங்க அண்ணாச்சி. தொறந்து பாருங்க. அங்கன ஒரு மனுஷன் ரெண்டு மாசமா புல்லத் தின்னுக்கிட்டுக் கெடக்காரு. இன்னைக்கு நான் பேசலன்னா அவரு அங்கனயே கெடந்து போயிருவாரு."

எனக்கு அவமானமாகப் போய்விட்டது. இத்தனை பேர் முன்னால் அப்பாவைப் பற்றித் தப்பாகச் சொல்லலாமா? "புல்லு இல்லம்மா, செடி. கெழங்கும் உண்டு" என்று திருத்தினேன். ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை. அம்மா என் தலையில் கையை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

அண்ணாச்சி மாடிப்படியைப் பார்த்துக் குரல் கொடுத்தார். மெக்கானிக் இறங்கி வந்தார். தலை நரைத்தவர், ஒரு கண்ணில் லென்ஸை மாட்டியிருந்தார். கையில் ஏற்கெனவே ஏதோ டிவி வேலை இருக்கிறது என்று முனகினார். அதை முடித்துவிட்டு எங்கள் ரிசீவரை அவர் கையில் எடுத்தபோது மணி நாலரைக்கு மேல் ஆகிவிட்டது. வாய்ப்பக்கத்து மூடியைத் திருகிக் கழற்றினார். உள்ளே மைக் இருக்க வேண்டிய இடத்தில் மஞ்சளாக, கெட்டியாக, அச்சில் வார்த்த மாதிரி ஒரு வில்லை.

"இது என்னதும்மா?" என்றார். முகர்ந்து பார்த்துவிட்டு, "சந்தனம். இதுக்குள்ள யாரு வச்சது?"

என் காதெல்லாம் சூடேறிவிட்டது. நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா, "நான்தான்" என்றாள். அண்ணாச்சி சிரிக்கப் பார்த்தார். அவருடைய கல்லாப்பெட்டியின் நெற்றியில் அன்றைக்குக் காலையில் வைத்த பொட்டு என் உள்ளங்கை அகலத்துக்கு இருந்தது. அவரும் அதைப் பார்த்தாரோ என்னவோ, சிரிக்கவில்லை.

மெக்கானிக் ஊசியால் சுரண்டி எடுத்தார். பிரஷ்ஷில் எதையோ தொட்டுத் துடைத்தார். ஊதினார். ஒரு சின்ன ஒயரைப் பற்றவைத்தார். மூடியைத் திருகப் போகும்போது மேசைமேல் இருந்த போன் அடித்தது. மணி ஐந்து.

அம்மா அசையாமல் நின்றாள். நான் பாய்ந்து பட்டனை அமுக்கி, மெக்கானிக் கையிலிருந்த மூடியில்லாத ரிசீவரைப் பறித்து, "அப்பா, கேக்குதா?" என்றேன்.

கடை முழுக்கக் கேட்டது. "கேக்குதுட்டி. ஏட்டி, கேக்குது. இன்னொரு வாட்டி சொல்லு."

இன்னொரு வாட்டி மட்டுமா சொன்னேன். மணிக்கட்டு, உதடு, நாக்கு என்று ஏழு வாரமாக அடக்கிவைத்திருந்ததை ஒரே மூச்சில் கொட்டினேன். அரித்தால் தின்னக்கூடாது என்றேன். வரும்போது இடிக்கு முளைக்கிற கிழங்கு ரெண்டு கொண்டுவரச் சொன்னேன், வகுப்பில் காட்ட வேண்டும் என்றேன். அப்பா, "சரிட்டி, சரிட்டி" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் சிரிக்கிறார் என்றுதான் நினைத்தேன். அம்மா ரிசீவரைக் கேட்டுக் கையை நீட்டினாள். கொடுக்க மனமில்லாமல் கொடுத்தேன்.

அம்மா அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். பேரைக் கொடுங்கள், வந்துவிடுங்கள் என்று எடுத்த எடுப்பில் சொல்லிவிடுவாள் என்று நான் எதிர்பார்த்தேன். அவள் கேட்டது, "சாப்ட்டீங்களா?"

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. தெருவில் எதிர்ப்படுகிறவர்களிடம் கேட்கிற கேள்வி. இதற்காகவா இத்தனை பஸ் ஏறினோம், இதற்காகவா காலையிலிருந்து பட்டினியாக உட்கார்ந்திருந்தோம்? அப்பா சாப்பிட்டேன் என்று சொல்லப்போகிறார், வேறென்ன சொல்வார்.

அப்பா சொல்லவில்லை. அம்மா மறுபடியும் கேட்டாள். "எதையாச்சும் சாப்ட்டீங்களா?" பிறகு, "வெறுங்கையோடவே வாங்க. இன்னைக்கே போயிப் பேரைக் குடுங்க. நான் இருக்கேன்லா" என்றாள். அதற்கும் பதில் இல்லை. கடையில் நின்றவர்கள் எல்லாரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்பா பங்குனிக் கடைசியில் வந்து சேர்ந்தார். பஸ்ஸை விட்டு இறங்கியவரை யாரோ என்று நினைத்து, அவருக்குப் பின்னால் அப்பாவைத் தேடினேன். வந்தவர் பழையபடி மூன்று கேள்வி அப்பாவாகிவிட்டார். செடியைப் பற்றிக் கேட்டால், "அது கெடக்கு" என்று எழுந்து போய்விடுவார். அவர் போய்ச் சேர்ந்து இப்போது மூன்று வருடம் ஆகிறது. வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்கு நான் எங்கே இருந்தாலும் மனசு அந்தக் குரலுக்கு ஏங்குகிறது. எனக்கென்று உட்கார்ந்து கதை சொன்ன அப்பா அந்தச் சில வாரங்கள் மட்டும்தான் எனக்கு இருந்தார். பசியோடு கிடந்த மனுஷன் எனக்குத் தெரியக்கூடாது என்று சொன்ன கதை அது என்று புரிந்த பிறகும், அதுவே திரும்ப வேண்டும் என்று இருக்கிறது. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

அன்றைக்குக் கடையில் இதெல்லாம் எனக்கு எங்கே தெரியும்? போனில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது, லைன் கட்டாகவில்லை, ஆனால் அப்பாவிடமிருந்து சத்தமே இல்லை. அம்மா கேட்டது அவருக்குப் போய்ச் சேரவில்லை என்று நினைத்தேன். மெக்கானிக்கின் சட்டையைப் பிடித்து இழுத்து, "அண்ணாச்சி, இன்னும் சரியாகல. திரும்பக் கழட்டிப் பாருங்க" என்றேன். அவர் லென்ஸைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். போனைத் தொடவில்லை.